ஈகர் லோடிங் போட்டும் பக்கம் மெதுவாக இருக்கிறதே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்த பிள்ளைகள், வேலைக்குப் போன பிறகு தொலைபேசியில் கேட்கும் ஐயங்களில் பெரும்பாலானவை ஓ.ஆர்.எம். நூலகங்களில் (தரவுத்தள அட்டவணைகளை நிரலின் பொருள்களாக மாற்றித் தருபவை) தொடர்புள்ள தரவை முன்கூட்டியே எடுத்து வைப்பதை, அதாவது ஈகர் லோடிங்கைச் சுற்றியே வருகின்றன. ஒரே பதிலைப் பலமுறை சொல்லிச் சலித்துப்போய் இதைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர் சொன்னபடியே இருக்கின்றன. கட்டளைப் பெயர்களை நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே: தாமிரபரணிப் பாசனம். ஆற்றில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். கோடைமேலழகியான், மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய மூன்றிலும் இரண்டிரண்டு கால்வாய்கள். நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி ஆகிய ஐந்திலும் ஒவ்வொன்று. கால்வாய்க்குக் கீழே குளங்கள். அணைக்கட்டு, கால்வாய், குளம் என்று மூன்று அட்டவணைகள் போதும். நீர்மட்டப் பதிவு, படம் போன்றவற்றைப் பயிற்சிக்காக நான் சேர்த்துக்கொள்வேன்.

ஈகர் லோடிங் இல்லாமலும் பக்கம் ஓடத்தானே செய்கிறது அண்ணாச்சி, பிறகு எதற்கு அது?

ஓடும். அணைக்கட்டுகளின் பட்டியலை எடுக்க ஒரு குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வி, ஓடுகிறது. லூப்புக்குள் ஒவ்வோர் அணைக்கட்டின் கால்வாய்களையும் நீங்கள் தொடும்போது, அந்த நேரத்தில்தான் நூலகம் தரவுத்தளத்திடம் போய்க் கேட்கிறது. இதுவே லேசி லோடிங். அப்படி 8 குவெரிகள். கால்வாய்க்குள் குளங்களையும் தொட்டால் இன்னும் 11. ஆக ஒரு சின்னப் பட்டியலுக்கு 20 குவெரிகள். முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால் 3 போதும். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர், பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஆற்றுப் பாலத்தையும் ஈரடுக்கு மேம்பாலத்தையும் தனித்தனியாகத் தாண்டிப் போய்வருவதைப் போன்றது இது.

உங்கள் மடிக்கணினியில் தரவுத்தளமும் நிரலும் ஒரே இடத்தில் இருப்பதால் இது தெரியாது. தரவுத்தளம் வேறு ஊரில் இருந்து, ஒரு போக்குவரத்துக்கு 25 மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள்: 20 குவெரிகளுக்கு அரை வினாடி. பயிற்சிக்கு 100 குளங்களைச் சேர்த்து ஒவ்வொன்றின் மடை விவரத்தையும் தொட்டால் 120 குவெரிகள், 3 வினாடிகள். தரவுத்தளம் ஒவ்வொரு குவெரியையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுவதால், மெதுவான குவெரிகளைக் காட்டும் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூடச் சிக்காது.

எத்தனை குவெரி ஓடுகிறது என்பதை எங்கே பார்ப்பது?

ஜாங்கோவில் (பைத்தான்) டீபக் டூல்பார் போதும். டீபக் அமைப்பு இயங்கும்போது இணைப்பின் குவெரிப் பட்டியலையும் அச்சிடலாம். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் (இதுவும் பைத்தான்) எஞ்சினை உருவாக்கும்போது எக்கோவை ட்ரூ ஆக்குங்கள். ஹைபர்னேட்டில் (ஜாவா) ஷோ எஸ்க்யூஎல், லாராவெலில் (பிஎச்பி) டிபி லிசன்.

பார்ப்பதைவிட எண்ணுவது முக்கியம். இரண்டு அணைக்கட்டுகளை மட்டும் தரவுத்தளத்தில் வைத்து எண்ணுங்கள். பிறகு எட்டையும் வைத்து எண்ணுங்கள். இரு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சரி. கூடினால் எங்கோ லூப்புக்குள் ஒழுகுகிறது. யாராவது "ஈகர் லோடிங் போட்டுவிட்டேன், ஆனாலும் மெதுவாக இருக்கிறது" என்று அழைத்தால், இந்த இரண்டு எண்களைச் சொல்லாத வரையில் நான் பேச்சைத் தொடர்வதில்லை.

ஜாயின் போட்டு ஒரே குவெரியில் எடுப்பதுதானே வேகம்? பிறகு ஏன் தனிக் குவெரி?

ஜாயின் என்பது இரண்டு அட்டவணைகளின் வரிகளை ஒரே குவெரியில் இணைப்பது. எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கால்வாயிலிருந்து அணைக்கட்டைப் பார்த்தால், ஒரு கால்வாய்க்கு ஓர் அணைக்கட்டுதான். ஜாயின் செய்தாலும் வரிகள் 11 தான். இதற்கு ஜாங்கோவின் செலக்ட் ரிலேட்டட், எஸ்க்யூஎல்ஆல்கெமியின் ஜாயிண்ட் லோட் பொருத்தம். அணைக்கட்டிலிருந்து கால்வாய்களைப் பார்த்தால், ஒன்றுக்குப் பல. ஜாயின் செய்தால் 8 அணைக்கட்டுகள் 11 வரிகளாகப் பெருகும். இதற்கு ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், செலக்ட்இன் லோட் பொருத்தம்: முதல் குவெரியில் கிடைத்த அடையாள எண்களை 'இன்' பட்டியலில் வைத்து, இரண்டாம் குவெரியில் கால்வாய்கள் அனைத்தையும் ஒருசேர எடுத்து, நினைவகத்தில் உரிய பெற்றோரோடு நூலகம் கோக்கிறது. ஒன்றைச் சுட்டும் தொடர்புக்கு ஜாயின், பலவற்றைச் சுட்டும் தொடர்புக்குத் தனிக் குவெரி என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம். விலக வேண்டிய இடங்கள் குறைவு.

ப்ரீஃபெட்ச் போட்ட பிறகும் லூப்புக்குள் குவெரி ஓடிக்கொண்டே இருக்கிறதே, இது நூலகத்தின் பிழையா?

நூலகத்தின் பிழையாக இருந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. என்னிடம் வரும் அழைப்புகளில் அதிகமானவை இந்தக் கேள்விதான், பெரும்பாலும் காரணமும் ஒன்றுதான்: முன்கூட்டியே எடுத்து வைத்தது ஒன்று, லூப்புக்குள் கேட்டது வேறொன்று. 'இந்த அணைக்கட்டின் எல்லாக் கால்வாய்களும்' என்பதை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். லூப்புக்குள் 'இந்த அணைக்கட்டின் கால்வாய்களில் திறந்திருப்பவை' என்று ஃபில்டர் போடுகிறீர்கள். ஜாங்கோவைப் பொறுத்தவரை அது புதிய குவெரி. எடுத்து வைத்ததிலிருந்து அது பொறுக்கித் தராது. ஆர்டர் பை போட்டு வரிசையை மாற்றினாலும் அப்படியே. ஆல் என்று கேட்டால் எடுத்து வைத்தது பயன்படும்.

வழி இரண்டு. எடுத்து வைத்த கால்வாய்களைப் பைத்தானிலேயே சலித்துக்கொள்ளலாம். அணைக்கட்டுக்கு அதிகபட்சம் இரண்டு கால்வாய்களே உள்ள நம் எடுத்துக்காட்டில் அதுவே எளிது. பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், ப்ரீஃபெட்ச் பொருளுக்குள் ஃபில்டர் போட்ட குவெரிசெட்டை (ஜாங்கோவில் குவெரியைச் சுமக்கும் பொருள்) கொடுத்து, டு ஆட்டர் மூலம் 'திறந்த கால்வாய்கள்' என்பதுபோல வேறு பெயரில் பட்டியலாக வாங்குங்கள். பெயரை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சலித்த பட்டியலை 'கால்வாய்கள்' என்ற பழைய பெயரிலேயே வைத்தால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதை முழுப் பட்டியல் என்று நம்பிவிடுவார்.

லாராவெலில் இதே தவறு இரண்டு அடைப்புக்குறிகளால் நேர்கிறது. தொடர்பின் பெயரைப் பண்பாக எழுதினால் எடுத்து வைத்தது வரும். அடைப்புக்குறி சேர்த்துச் செயற்கூறாக அழைத்தால் புதிய குவெரி தொடங்கும். ரெயில்ஸில் (ரூபி) தொடர்பின்மேல் வேர் என்ற நிபந்தனைக் கட்டளையைப் போட்டால் இதே கதை.

செலக்ட் ரிலேட்டட் என்று தனி வரியில் எழுதினேன், ஒன்றுமே மாறவில்லை.

குவெரிசெட் தன்னை மாற்றிக்கொள்ளாது, புதிய ஒன்றைத் திருப்பித் தரும். நீங்கள் அதை எந்த மாறியிலும் வாங்கவில்லை. வாங்கினால் தீர்ந்தது.

பட்டியலில் மருதூர் இரண்டு முறை வருகிறது, கோடைமேலழகியானும் இரண்டு முறை வருகிறது. தரவு கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. மேலே சொன்ன 11 வரிகள்தான் உங்கள் கண்முன் வந்து நிற்கின்றன. இரண்டு கால்வாய் உள்ள அணைக்கட்டு இரண்டு வரியாக வரும். ஸ்ரீவைகுண்டமும் இரண்டு முறை வந்திருக்கும், பார்க்காமல் விட்டிருப்பீர்கள். ஹைபர்னேட் 6 இந்த இரட்டிப்பைத் தானே நீக்குகிறது; அதற்கு முந்தைய பதிப்புகளில் டிஸ்டிங்க்ட் போட வேண்டியிருந்தது. எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0 பாணியில் பட்டியல் தொடர்புக்கு ஜாயிண்ட் லோட் போட்டால், யூனிக் என்பதை நீங்களே அழைக்கும்வரை அது பிழை காட்டி நிற்கும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

பக்கத்துக்கு 5 என்று லிமிட் போட்டால் 4 அணைக்கட்டுதான் வருகிறது, ஏன்?

லிமிட் வரிகளை எண்ணுகிறது, அணைக்கட்டுகளை எண்ணுவதில்லை. ஆற்றின் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினால் முதல் ஐந்து வரிகள்: கோடைமேலழகியான் வடகால், அதன் தென்கால், நதியுண்ணி, கன்னடியன், கோடகன் கால்வாய். கடைசியாகச் சொன்னது அரியநாயகிபுரம் அணைக்கட்டுக்கு உரியது. ஆக அணைக்கட்டுகள் நான்கு. இதையாவது கண்டுபிடித்துவிடலாம். லிமிட்டை 10 ஆக்கிப் பாருங்கள்: பத்தாவது வரியோடு ஸ்ரீவைகுண்டத்தின் வடகால் வந்து நின்றுவிடும், தென்கால் வெட்டுப்படும். திரையில் 8 அணைக்கட்டுகளும் இருக்கும், யாருக்கும் ஐயம் வராது, ஆனால் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரே கால்வாய் என்று அறிக்கை சொல்லும்.

நூலகங்கள் இதைத் தம் வழியில் கையாள்கின்றன. எஸ்க்யூஎல்ஆல்கெமி ஜாயிண்ட் லோடோடு லிமிட்டைக் கண்டால், முதன்மை அட்டவணைக்கு மட்டும் லிமிட் போட்டு அதை உட்குவெரியாகச் சுற்றிய பிறகே ஜாயின் செய்கிறது. ஹைபர்னேட் பட்டியல் தொடர்பை ஜாயின் ஃபெட்ச் செய்யும்போது லிமிட்டை எஸ்க்யூஎல்லில் சேர்க்காமல், எல்லா வரிகளையும் இழுத்து வந்து நினைவகத்தில் பக்கம் பிரிக்கிறது. பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதுவதோடு சரி. அந்த எச்சரிக்கையைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். முதலில் அடையாள எண்களை மட்டும் லிமிட்டோடு எடுத்து, பிறகு அந்த எண்களுக்கு உரியவற்றைத் தொடர்போடு எடுப்பது எல்லா நூலகத்திலும் செல்லும் வழி.

ஒவ்வோர் அணைக்கட்டுக்கும் கடைசி 3 நீர்மட்டப் பதிவு மட்டும் வேண்டும் என்றால்?

இது முந்தைய கேள்வியின் தம்பி. 'இன்' போட்ட இரண்டாம் குவெரியில் லிமிட் 3 வைத்தால், எட்டு அணைக்கட்டுகளுக்கும் சேர்த்தே மூன்று பதிவுகள் வரும். பெற்றோர்வாரியாக வெட்ட, வரிகளைக் குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்குள்ளும் வரிசை எண் இடும் விண்டோ ஃபங்ஷன் வேண்டும். ஜாங்கோ 4.2 முதல் ப்ரீஃபெட்ச் பொருளுக்குள் வெட்டிய குவெரிசெட்டைக் கொடுத்தால் அதுவே விண்டோ ஃபங்ஷனாக மாற்றிக்கொள்கிறது. லாராவெல் 11 முதல் இது உள்ளேயே இருக்கிறது.

கால்வாய், நீர்மட்டப் பதிவு, படங்கள் மூன்றையும் ஒரே குவெரியில் எடுத்தேன், சர்வரே படுத்துவிட்டது.

படுக்கத்தான் செய்யும். ஸ்ரீவைகுண்டத்துக்கு 2 கால்வாய்கள், ஒரு மாதத்தின் 30 பதிவுகள், 20 படங்கள் என்று வையுங்கள். இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பட்டியல்கள். ஜாயின் அவற்றைக் கூட்டாது, பெருக்கும். 52 வரிகளில் முடிய வேண்டியது 1200 வரிகளாகிறது, ஒவ்வொரு வரியிலும் அணைக்கட்டின் விவரம் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. ஹைபர்னேட் இரண்டு பேக் வகை (வரிசையோ தனித்தன்மையோ பாராத) பட்டியல்களை ஒன்றாக ஜாயின் ஃபெட்ச் செய்யவிடாமல் மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்ஸெப்ஷன் எறிகிறது. லிஸ்ட்டை செட் ஆக்கிவிட்டால் பிழை போய்விடும் என்று பலர் சொல்லித் தருகிறார்கள். பிழைச் செய்தி போகும், 1200 வரிகள் போகாது.

பட்டியல் தொடர்புகளில் ஒன்றுக்கு மேல் ஜாயினில் வைக்காதீர்கள். மற்றவற்றைத் தனிக் குவெரிகளாக எடுங்கள். டாட்நெட்டின் ஓ.ஆர்.எம். ஆன என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் 5.0 முதல் ஆஸ் ஸ்ப்ளிட் குவெரி இதைச் செய்கிறது. ஒரு விலை உண்டு: தனித்தனிக் குவெரிகளுக்கு இடையே யாராவது தரவை மாற்றினால், முதல் குவெரியும் மூன்றாம் குவெரியும் வெவ்வேறு நிலையைக் காட்டலாம். அது பொறுக்க முடியாத இடமென்றால், எல்லாவற்றையும் சீரியலைசபிள் அல்லது ஸ்னாப்ஷாட் நிலையிலுள்ள (இடையில் பிறர் செய்யும் மாற்றம் குறுக்கிடாத) ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள்.

எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் எதையும் ஏற்றவே வேண்டாம், தரவுத்தளத்தையே எண்ணச் சொல்லுங்கள். ஆனால் ஜாங்கோவில் ஒரே குவெரியில் கால்வாய்க்கும் படத்துக்கும் இரண்டு கவுண்ட் வைத்தால் இதே பெருக்கல் எண்ணிக்கைக்குள்ளும் நுழைந்து, இரண்டுக்கும் 40 என்று வரும். டிஸ்டிங்க்ட் சேர்க்க வேண்டும்.

லெஃப்ட் ஜாயின் போட்டும் சில அணைக்கட்டுகள் காணாமல் போகின்றனவே சார்?

வேர் பகுதியில் கால்வாயின் நிலை 'திறப்பு' என்று எழுதியிருப்பீர்கள். கால்வாய் எதுவும் திறக்காத அணைக்கட்டின் வரியை அந்த நிபந்தனை தள்ளிவிடும். துணை இல்லாத வரியையும் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின், துணை உள்ள வரியை மட்டும் தரும் இன்னர் ஜாயினாக மாறிவிட்டது என்று பொருள். நிபந்தனையை ஆன் பகுதிக்கு நகர்த்துங்கள், அல்லது ஃபில்டரைத் தொடர்புக்குள்ளேயே வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது, அதுவே எனக்கு அதிகக் கவலை தருவது. ஜாயின் ஃபெட்ச்சோடு, அல்லது எஸ்க்யூஎல்ஆல்கெமியின் கன்டெய்ன்ஸ் ஈகரோடு, இந்த வேர் நிபந்தனையைச் சேர்த்தால், மேலக்கால் மட்டும் திறந்திருக்கும் நாளில் மருதூர் அணைக்கட்டு மேலக்காலோடு மட்டும் நினைவகத்தில் உட்காரும். கீழக்கால் இல்லை என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. அதே செஷனில் (தரவுத்தளத்தோடு நூலகம் நடத்தும் ஓர் உரையாடலில்) வேறொரு செயற்கூறு மருதூரின் கால்வாய்களை எண்ணினால் 1 என்றே விடை வரும். டு ஆட்டர் பற்றி மேலே சொன்ன காரணமேதான் இங்கும்: சலித்ததை முழுமையானதன் பெயரில் வைக்காதீர்கள்.

லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் வருகிறது. செஷனைத் திறந்தே வைத்துவிடலாமா?

வைக்கலாம், பிழை மறையும், 20 குவெரிகள் திரும்பி வரும். செஷன் மூடிய பிறகு ஏற்றாத தொடர்பைத் தொட்டதால் வந்த ஹைபர்னேட் பிழை அது. எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இதன் பெயர் டிட்டாச்ட் இன்ஸ்டன்ஸ் எரர். திரைக்கு எது தேவை என்பதைக் குவெரி எழுதும் இடத்திலேயே சொல்லி எடுத்து வையுங்கள். இந்தப் பிழையை நான் நண்பனாகவே பார்க்கிறேன்.

அப்படியென்றால் மாடலிலேயே எல்லாவற்றையும் ஈகர் என்று எழுதிவைத்துவிட்டால் தொல்லை விட்டதல்லவா?

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அட்டவணையை விவரிக்கும் மாடலில் எழுதியது எல்லாத் திரைக்கும் பொருந்தும். அணைக்கட்டின் பெயரை மட்டும் காட்டும் திரையும் குளங்கள் அனைத்தையும் சுமக்கும். ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா தரநிலையான ஜேபிஏவின் விதிப்படி ஒன்றைச் சுட்டும் தொடர்புகள் சொல்லாமலே ஈகர், பட்டியல் தொடர்புகள் லேசி. மேலும், ஈகர் என்று எழுதிவிட்டு அதன் குவெரி மொழியான ஜேபிக்யூஎல்லில் ஜாயின் ஃபெட்ச் எழுதாமல் விட்டால், ஹைபர்னேட் ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் குவெரி ஓட்டி அந்த வாக்கைக் காப்பாற்றும். நீங்கள் தப்ப நினைத்த அதே 1+8 தான். மாடலில் எல்லாவற்றையும் லேசி ஆக்குங்கள். குவெரியில் தேவைக்கேற்ப ஈகர் ஆக்குங்கள்.

தேவையான புலங்களை மட்டும் எடுத்தால் இன்னும் வேகம் என்று படித்தேன். செய்த பிறகு தொடர்பு காலியாக வருகிறது.

கால்வாயின் பெயரை மட்டும் கேட்டீர்கள், அது எந்த அணைக்கட்டைச் சேர்ந்தது என்று சொல்லும் ஃபாரின் கீயை விட்டுவிட்டீர்கள். லாராவெல் எதை எதோடு கோப்பது என்று தெரியாமல் காலியாக விட்டுவிடும். ஜாங்கோவில் ஒன்லி போட்டு அந்தப் புலத்தை விட்டால், ப்ரீஃபெட்ச் கோக்கும்போது ஒவ்வொரு கால்வாய்க்கும் அதை மட்டும் எடுக்க ஒரு குவெரி ஓடும். இணைக்கும் புலங்களை எப்போதும் சேர்த்தே கேளுங்கள்.

புதிய கால்வாயைச் சேர்த்தேன், அதே அணைக்கட்டில் ஆல் கேட்டால் வரவில்லை.

எடுத்து வைத்தது அந்தக் கணத்துப் படம். ஜாங்கோவில் தொடர்பின் வழியாகவே ஆட், கிரியேட், ரிமூவ் செய்தால் அந்தப் படம் அழிந்து அடுத்த முறை புதிதாக எடுக்கப்படும். கால்வாய் மாடலில் நேரடியாகக் கிரியேட் செய்தால் அணைக்கட்டுப் பொருளுக்கு அது தெரியாது. தொடர்பின் வழியாகச் சேருங்கள், அல்லது பொருளை மறுபடி எடுங்கள்.

பத்தாயிரம் பெற்றோர் இருந்தால் 'இன்' பட்டியல் தாங்குமா?

தரவுத்தளத்தைப் பொறுத்தது. ஆரக்கிளில் ஒரு 'இன்' பட்டியலுக்கு 1000 என்ற எல்லை நெடுங்காலம் இருந்தது, எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு குவெரிக்கு 2100 பாராமீட்டர்கள், எஸ்க்யூஎல்லைட்டில் 3.32 பதிப்புக்கு முன் இயல்பு எல்லை 999. எஸ்க்யூஎல்ஆல்கெமியின் செலக்ட்இன் லோட் 500 பெற்றோர்களாகப் பிரித்தே கேட்கிறது, ஆகவே எண்ணிக்கை கூடும்போது குவெரிகளும் சிறிது கூடுவது இயல்பு. அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஜாங்கோவில் இட்டரேட்டர் (வரிகளைச் சிறுசிறு தொகுதியாக எடுப்பது) பயன்படுத்தினால் 4.1 பதிப்புக்கு முன் ப்ரீஃபெட்ச் கண்டுகொள்ளப்படவே இல்லை, 4.1 முதல் சங்க் அளவைக் கொடுத்தால் அது வேலை செய்கிறது.

ஒருமுறை சரிசெய்தது, அடுத்த வெளியீட்டில் மறுபடி வந்து நிற்கிறது. தடுக்க வழி உண்டா?

உண்டு. லேசி லோடிங்கையே பிழையாக்கிவிடுங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ரெய்ஸ் லோட், ரெயில்ஸ் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங், லாராவெலில் ப்ரிவென்ட் லேசி லோடிங். ஜாங்கோவில் அசர்ட் நம் குவெரீஸ் கொண்டு ஒரு சோதனை எழுதி, இரண்டாம் கேள்வியில் சொன்னதுபோல இரண்டு அணைக்கட்டுகளுக்கும் எட்டு அணைக்கட்டுகளுக்கும் அதே எண் வருகிறதா என்று பாருங்கள்.

லாராவெலின் தடையை உண்மையான சர்வரில் இயக்க வேண்டாம். வளர்ச்சிச் சூழலுக்கும் சோதனைக்கும் மட்டும் வையுங்கள். நான் ஒருமுறை அதை எல்லா இடத்திலும் இயக்கிவிட்டு ஒரு வாடிக்கையாளரிடம் காட்டப் போனேன். அவர் யாரும் தொடாத பழைய அறிக்கை ஒன்றைச் சொடுக்கினார். முந்தைய நாள்வரை நான்கு வினாடி கழித்தாவது வந்துகொண்டிருந்த அறிக்கை, அன்று பிழைப் பக்கமாக வந்தது. அன்று மாலையே அந்த வரியைச் சூழலைப் பார்த்து இயங்கும்படி மாற்றினேன். உண்மையான சர்வரில் இப்போது அது பிழை எறியாமல் பதிவேட்டில் எழுதுகிறது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பதிவேட்டைப் படிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.